படலைக்காரி

அன்று காலை இணையக் களத்தில் ஒரு விருந்தினர்கூட இல்லை.

கிருசாந்தினி தேத்தண்ணீர்க் கோப்பையை யன்னல் கட்டில் வைத்துவிட்டு, பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தாள். பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற சின்ன எழுத்தில் ஒரு வரி எப்போதும் கிடக்கும். களத்தின் எந்தப் பகுதியில் இப்போது எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று சொல்கிற வரி அது. சில வருடங்களாக அந்த வரியில் விருந்தினர் தொகை நூற்றுக்கணக்கில்தான் இருந்தது. அன்று அது இப்படி இருந்தது: படலை: உறுப்பினர் 1, ஒளிந்திருப்பவர் 1, விருந்தினர் 0.

உறுப்பினர் ஒன்று என்றால் அது அவள்தான். விருந்தினர் பூச்சியம் என்றதைக் கோளாறு என்று தள்ளிவிடலாம். நடுவில் நின்ற அந்த ஒன்றைத்தான் அவளால் தள்ள முடியவில்லை.

‘எங்கள் கரை’ என்ற அந்த இணையக் கருத்துக்களத்தைத் தொடங்கியவர் மெல்ரொன், சுவிசில் இருப்பவர். முல்லைத்தீவுக் கரையில் தான் பிறந்து வளர்ந்த வீட்டின்மேல் அவருக்கு ஒரு பைத்தியம். அந்தப் பைத்தியத்தில் களத்தையே வீடு மாதிரிக் கட்டிவைத்தார். புதிதாக வருகிறவர்கள் தங்களை அறிமுகம் செய்கிற பகுதிக்குப் பெயர் படலை, அதாவது வேலிக்கதவு. ஊர்ப் புதினம் கதைக்க முற்றம். அரசியல் சண்டை பிடிக்க விறாந்தை. சமையலுக்குக் குசினி. நிர்வாகத்தைப் பார்ப்பவர்கள் மட்டும் போகக்கூடியது அறை. ஒவ்வொரு பகுதியின் தலையிலும் அந்த வீட்டின் பழைய படம் ஒன்று இருந்தது, எல்லாம் சண்டைக்கு முன் மெல்ரொனின் தகப்பன் எடுத்தவை. குசினிப் படத்தில் நீலப் பூச்சுப் பூசிய கதவொன்று பாதி திறந்தபடி நிற்கும்.

அதே வீட்டில்தான் கிருசாந்தினி இப்போது காவலுக்கு இருந்தாள். சனம் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வீட்டின் சுவர்கள் நின்றன. கதவு, யன்னல், கூரை எல்லாவற்றையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். யார் என்று யாரும் கேட்கவில்லை, எல்லா வீட்டிலும் அதே கதைதான். மெல்ரொன் தகரக் கூரை போடுவித்தார், முன்னுக்கு ஒரு கதவு, அறைக்கு ஒரு கதவு போடுவித்தார். குசினிக்குப் போடவில்லை. அந்த நீலக் கதவு எங்கேயோ ஒரு வீட்டில் நிற்கிறது, ஒருநாள் தேடிப் பிடித்து அதே இடத்தில் மாட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதுவரைக்கும் என்று சொல்லி கிருசாந்தினி தன் பழைய சேலை ஒன்றை அங்கே திரையாகக் கட்டியிருந்தாள். அதுவும் நைந்து, அடுப்புப் புகையில் நிறம் மாறிப்போயிற்று.

களத்தில் அவளுடைய பெயர் படலைக்காரி. யார் புதிதாக வந்தாலும் முதலில் வரவேற்பவள் அவள். “வாங்கோ வாங்கோ, படலையிலை நிக்காமல் உள்ளுக்கு வாங்கோ.” ஆயிரக்கணக்கான தரம் அதை எழுதியிருப்பாள். கனடாவிலிருந்து, நோர்வேயிலிருந்து, லண்டனிலிருந்து எல்லாம் சனம் வந்து குமிந்த காலம் ஒன்று இருந்தது. பிறகு ஒவ்வொருவராக முகநூலுக்கும் வட்ஸப் குழுக்களுக்கும் போய்விட்டார்கள். போகிறோம் என்று சொல்லிவிட்டுக்கூடப் போகவில்லை. அவர்கள் போன பிறகும் விருந்தினர் தொகை மட்டும் ஏறிக்கொண்டே போனது. அவளுக்கு அதில் ஒரு சந்தோசம், மெல்ரொன் அதையும் கெடுத்தார்.

“அதுகள் ஆக்கள் இல்லைத் தங்கச்சி. சிலந்தியள். கொம்பனியள் அனுப்புற மென்பொருள். ஒரு இணைப்பைப் பிடிச்சு மற்ற இணைப்புக்கு ஏறி, கண்டதெல்லாத்தையும் வாசிச்சு அள்ளிக்கொண்டு போகும். இப்ப மிசினுக்கு மனிசர் மாதிரிக் கதைக்கப் பழக்கினமெல்லே, அதுக்கு எங்கட கதையும் வேணுமாம்.”

அதனால்தான் விறாந்தைக்கு அங்காலே சிலந்திகள் போகக்கூடாது என்று களத்தின் வாசலில் ஒரு அறிவித்தல் வைத்திருந்தார். திரையில் நமக்குத் தெரியாது, சிலந்திகளுக்கு மட்டும் தெரியும். மரியாதை உள்ளவை அதை வாசித்துவிட்டுத் திரும்பிப் போகும் என்றார். மற்றவை? “மற்றதுகளுக்கு நாங்கள் என்ன செய்யிறது?” என்று சிரித்தார்.

இப்போது அவள் அவருக்குப் போன் எடுத்தாள்.

“அண்ணா, களத்திலை ஆரோ ஒளிச்சு நிக்கினம்.”

“சிலந்தியாத்தான் இருக்கும்.”

“சிலந்தியெண்டால் விருந்தினரிலை தானே காட்டும். ஒளிச்சு நிக்கிறதெண்டால் உறுப்பினரா இருக்கவேணும். நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்?”

அந்தப் பக்கத்தில் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. “பேர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக் கிடக்கு. மென்பொருள் பழசு, அதின்ரை பிழைதான். எப்பிடியும் மார்கழியோடை மூடப்போறன், விட்டிடு.”

அது அவளுக்குத் தெரிந்த செய்திதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அதையே கேட்டாள்.

“மூடினால் றெக்சன்ரை எழுத்து?”

“கொப்பி எடுத்துத் தாறன் எண்டு சொன்னனான்தானே.”

“கொப்பி கொப்பிதானே அண்ணா.”

மெல்ரொன் பெருமூச்சு விட்டார். கெட்ட மனிதர் இல்லை. “கிருசா, வாசிக்க ஒரு ஆளும் வராத இடத்தை எவ்வளவு காலத்துக்கு வச்சிருக்கிறது? ஒரு மனிசர், ஒரே ஒரு மனிசர் வந்து வாசிக்கினம் எண்டு காட்டு. நான் மூடமாட்டன்.”

றெக்சன் அவளுடைய புருசன். களத்தில்தான் அவனை முதலில் கண்டாள். அவள் அப்போது வவுனியாவில் சித்தி வீட்டில் இருந்தாள். குசினிப் பகுதியில் ‘கூனிஇறால்’ என்ற பெயரில் ஒருவன் வந்து, சொதிக்கு எப்போது பால் விடுவது, முதற்பாலா கடைசிப்பாலா என்று கேட்டான். கடற்கரையில் பிறந்தவனுக்கு இது தெரியாதா என்று இவள் நக்கலடித்தாள். அவன் விடவில்லை. சொதியில் தொடங்கி, கணவாய், நண்டு, திருக்கைச் சுண்டல் என்று எல்லாக் கறியையும் அவளிடமே கேட்டுக் கேட்டு, கடைசியில் கலியாணத்தையும் கேட்டுவிட்டான். கலியாணம் முடித்து இருவரும் மெல்ரொனின் வீட்டுக்கே காவலுக்கு வந்தார்கள். ஐந்து வருடத்துக்கு முன், காற்று மாறுகிற நேரத்தில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. படகும் வரவில்லை, உடம்பும் வரவில்லை. அவன் வெட்கத்தை மறைக்கப் போட்ட பகிடிகள், எழுத்துப்பிழைகள், இரண்டு இரண்டாகப் போட்ட கேள்விக்குறிகள், எல்லாம் குசினிப் பகுதியில் அப்படியே கிடந்தன. அவனுக்கு வேறு கல்லறை கிடையாது.

இரண்டு நாள் அந்த ஒன்று படலையிலேயே நின்றது. காலையில் பார்த்தாலும் நின்றது, சமைத்துவிட்டு வந்து பார்த்தாலும் நின்றது. விருந்தினர் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. மீன் சந்தையில் நாய் நுழைந்தால் காகங்கள் எழும்பிப் போவது போல அத்தனை சிலந்தியும் போய்விட்டனவே என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு அதை மறந்துவிட்டாள், ஏனென்றால் அவளுக்கு வேறொரு நினைப்பு வந்துவிட்டது. சொன்னால் சிரிப்பார்கள். றெக்சனுடைய கணக்கு இன்னும் களத்தில் இருந்தது. எங்கேயோ கரையொதுங்கி, எந்த நாட்டுச் சிறையிலோ கிடந்து, இப்போதுதான் யாரோ ஒருவரின் போனை வாங்கி...

வெளியே ஒருவர் படலையடியில் நின்றால் உள்ளே கூப்பிடாமல் இருக்க முடியுமா? அப்படி அவளை வளர்க்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் படலைப் பகுதியில் எழுதினாள்:

“வாங்கோ வாங்கோ, படலையிலை நிக்காமல் உள்ளுக்கு வாங்கோ.”

பக்கத்தைப் புதுப்பித்தாள். படலை: ஒளிந்திருப்பவர் 0. முற்றம்: ஒளிந்திருப்பவர் 1.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அவளுடைய சிரிப்பு அவளுக்கே புதிதாகக் கேட்டது. சொன்னதைக் கேட்டு நடக்கிற சிலந்தி உண்டா? மனிசர்தான். மனிசரேதான்.

பின்னேரம் முற்றம் கூட்டப் போனபோது மண் ஈரமாக இருந்தது. மழை இன்னும் தொடங்கவில்லை, வானம் மட்டும் இரண்டு நாளாக மூடிக்கொண்டு நின்றது. படலையிலிருந்து வீட்டுப் படிவரைக்கும் ஒரு ஆள் அகலத்துக்கு மண் கறுத்து நனைந்திருந்தது. கால்தடம் ஒன்றும் இல்லை. பாசி மணத்தது. நாள்கணக்காகத் தண்ணீரில் கிடந்த வலையை வீட்டுக்குள் கொண்டுவந்தால் வருமே, அந்த மணம். ஊற்றுத் தண்ணீர் மேலே வந்திருக்கும் என்று நினைத்து அதன்மேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டாள்.

படலை திறந்து கிடந்தது. அது புதினம் இல்லை, அது மாமியின் வேலை. றெக்சனின் தாய் இராசாத்தி நாலு வீடு தள்ளி, மகளுடைய குடும்பத்தோடு இருந்தா. உடம்பு கிடைக்காதவன் வீட்டுப் படலையைக் கொளுக்கி போட்டுக் கொழுவக்கூடாது, வந்தவன் கொழுவியிருக்கிறது என்று திரும்பிப் போய்விடுவான் என்பது அவாவின் பிடிவாதம். தன் வீட்டுப் படலையையும் கொழுவ விடமாட்டா, இங்கே வந்தால் இதன் கொளுக்கியையும் எடுத்துவிட்டுத்தான் போவா. கிருசாந்தினி கோபிப்பதில்லை. பின்னேரங்களில் மாமி வந்தால்தான் அந்த வீட்டில் ஒரு கதை இருக்கும். மாமி வராத நாட்களில் விடியத்தொடங்கி படுக்கும்வரைக்கும் அவள் வாயே திறக்காமல் இருந்துவிடுவதுண்டு. சொல்லவேண்டிய எல்லாவற்றையும் எழுதியே பழகிவிட்டாள்.

அடுத்த நாள் மாமி ஒரு சொப்பிங் பாக்கில் நாலு சூடை மீனோடு வந்தா. விறாந்தைக் கதிரையில் இருக்கப்போனவா, இருக்காமல் நின்றா.

“ஆர் பிள்ளை கதிரையை நனைச்சது?”

கிருசாந்தினி வந்து பார்த்தாள். பிளாஸ்ரிக் கதிரையின் குழியில் ஒரு கை தண்ணீர் தேங்கி நின்றது. மேலே தகரம் ஒழுகவில்லை. துணியால் துடைத்தாள். துணியில் பாசி மணத்தது.

“வெள்ளனவும் இந்தப் பக்கத்தாலை போனனான்,” என்றா மாமி. “கூப்பிட்டனீயெல்லே. வாங்கோ வாங்கோ, படலையிலை நிக்காமல் உள்ளுக்கு வாங்கோ எண்டு. நானும் வந்து எட்டிப் பாத்தனான், ஒருத்தரையும் காணேல்லை.”

“நான் கூப்பிடேல்லை மாமி.”

“உன்ரை குரல் எனக்குத் தெரியாதே?”

“நான் விடிய மாதா கோயிலுக்கெல்லோ போனனான்.”

மாமி அவளை ஒரு மாதிரிப் பார்த்தா. தனியே இருந்து இவளுக்கும் ஏதோ ஆகப்போகிறது என்று நினைத்திருப்பா. “என்ரை வீட்டை வந்து படன்,” என்று மட்டும் சொன்னா. அங்கே படுக்க இடமில்லை என்று இருவருக்கும் தெரியும்.

மாமி போன பிறகு அவள் லப்டொப்பைத் திறந்தாள். விறாந்தை: ஒளிந்திருப்பவர் 1.

பயந்திருக்க வேண்டும். பயந்தாள்தான். ஆனால் பயத்துக்குக் கீழே அதைவிடப் பெரிய ஒரு ஆசை கிடந்தது. அது விறாந்தையோடு நிற்கிறது. ஏன் நிற்கிறது? மெல்ரொன் வைத்த அறிவித்தல். அதற்கு அங்காலே குசினி, அங்கேதான் றெக்சனின் எழுத்து. பாவம், வந்தவர் வாசலில் மறித்து வைக்கப்பட்டிருக்கிறார். ஒரே ஒரு மனிசர் வாசித்தால் போதும், களம் மூடாது. அறிவித்தல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று மெல்ரொன் ஒருமுறை காட்டியிருந்தார். மனிசர் அதற்குக் கட்டுப்படத் தேவையில்லையே, சிலந்திகள்தானே கட்டுப்பட வேண்டும் என்று அவள் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

அழித்தாள்.

விறாந்தை பூச்சியமாகியது. குசினியில் ஒன்று ஏறியது. றெக்சனின் பதிவு இழைகளை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற தொகை, வருடக்கணக்காக அசையாமல் கிடந்தது, அவளுடைய கண்ணுக்கு முன்னால் ஏறத் தொடங்கியது. நூறு. நானூறு. பிறகு எண்களை வாசிக்க முடியாத வேகம். அவளுக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில்தான் அழுதாள்.

மறுநாள் பின்னேரம் மழை தொடங்கியது. வாடைக்காற்றோடு வருகிற மாரி மழை, கடலையும் வானத்தையும் பிரித்துப் பார்க்க முடியாமல் ஒன்றாக்கிவிடுகிற மழை. தகரக் கூரையில் அது விழுகிற இரைச்சலில் பக்கத்து அறையில் கதைத்தாலே கேட்காது. அவள் அறைக்குள் வந்து, சாரல் அடிக்கிறதென்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மாரி வந்தால் அந்தக் கதவு ஊதிக்கொள்ளும். திறக்க இரண்டு பேர் வேண்டும், அல்லது வெளியிலிருந்து ஒருவர் உதைக்க வேண்டும். அந்த நேரத்தில் அதுவும் நினைவுக்கு வரவில்லை. லப்டொப்பில் குசினிப் பகுதியில் புதிதாக ஒரு பதிவு வந்திருந்தது. எழுதியவரின் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமை.

“வாறன் கிருசா. கறிக்குப் புளி கூடப் போடாதை??”

அதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. கடலுக்குப் போன அன்று, படலையில் நின்று, திரும்பிப் பார்த்து. அதைக் கேட்டவள் அவள் மட்டும்தான். வேறு எவருக்கும் தெரியாது.

“றெக்சன்?” என்று எழுதினாள். “எங்கை நிக்கிறியள்? எங்கையப்பா நிக்கிறியள்?”

பதில் வந்தது. “வாறன் கிருசா. கறிக்குப் புளி கூடப் போடாதை??”

மறுபடி கேட்டாள். மறுபடி அதுவே. அந்த இரண்டு கேள்விக்குறி. கேள்வியே இல்லாத இடத்தில் கேள்விக்குறி. அவன் வாயால் சொன்னதில் கேள்விக்குறி எப்படி இருக்கும்? பழைய இழைகளைத் தேடினாள். இருந்தது. கலியாணத்துக்கு முந்திய ஒரு இழையில், நக்கலாக, எழுத்துக்கு எழுத்து அதே வரி. அவன் அன்று படலையில் நின்று சொன்னது அந்தப் பழைய பகிடியைத்தான். அவளுக்கு மறந்துபோயிருந்தது. இதற்கு மறக்கவில்லை, ஏனென்றால் இது வாசித்திருக்கிறது. எல்லாவற்றையும் வாசித்திருக்கிறது.

“நீங்கள் ஆர்?” என்று எழுதினாள்.

பதிவுகள் விழத் தொடங்கின. கனடாக்காரர் ஒருவர் தாய் செத்தபோது எழுதியது. லண்டன் பிள்ளை ஒன்று முதல்முதலாகத் தமிழில் எழுதிய வாழ்த்து. யாரோ யாரையோ பேசிய தூசணம். திருக்கைச் சுண்டல் செய்முறை. கரையை விட்டுப் போன அத்தனை பேருடைய கதையும், ஒன்றோடொன்று ஒட்டாமல், வாயில் போட்டு மென்று துப்பியது போல விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவளுடையது. வாங்கோ வாங்கோ. வாங்கோ வாங்கோ. வாங்கோ வாங்கோ. பக்கம் நிறைய.

கரண்ட் போனது.

மைம்மல் பொழுது. யன்னலில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. ரவுட்டரின் பச்சை விளக்கு அணைந்துவிட்டது, இனி இணையம் இல்லை. லப்டொப் பற்றரியில் எரிந்தது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. பக்கம் நின்றுவிட்டது. அப்படியே நிற்கும். விடிந்ததும் மெல்ரொனுக்குச் சொல்லவேண்டும், மூடுங்கோ அண்ணா, இன்றைக்கே மூடுங்கோ என்று.

பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டது.

குசினி: ஒளிந்திருப்பவர் 1.

மழை இரைச்சலுக்குள், சுவருக்கு அந்தப் பக்கத்தில், சட்டி மூடி ஒன்று மெல்லத் திறந்து மூடியது.

பாசி மணம் கதவுக்குக் கீழால் வந்தது.

“கிருசா.”

றெக்சனின் குரல். அவனுடையதேதான், மூக்கால் வருகிற அந்த அடைப்போடு. “வாறன் கிருசா. கறிக்குப் புளி கூடப் போடாதை.” ஒரு இடைவெளி. மறுபடியும். அதே ஏற்றம், அதே இறக்கம், ஒரு மயிரிழை மாறாமல். அவள் ஐந்து வருடம் அந்தக் குரலுக்காக ஏங்கியவள். இப்போது இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

போ என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

“போ,” என்றது குசினி. அவளுடைய குரலில்.

அவளுடைய தொண்டையில் காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றாள். யேசுவே என்று சொல்ல நினைத்தாள்.

“யேசுவே,” என்றது சுவருக்கு அந்தப் பக்கம், மெதுவாக, ருசி பார்ப்பது போல.

தாழ்ப்பாளை இழுத்தாள். கழன்றது. கதவு அசையவில்லை. தோளால் தள்ளினாள். காலால் உதைத்தாள். ஊதிப்போன பலகை நிலையோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் படலை கிறீச்சிட்டது.

“பிள்ளை! கிருசா! கரண்ட் போயிட்டுதெல்லே, தனிய இராமல் வா, எங்கட வீட்டை போவம்!”

மாமி. மழைக்குள் குடையோடு, ரோச் வெளிச்சத்தோடு, அவளைத் தேடி. இந்த உலகத்தில் அவளைத் தேடி வருகிற ஒரே ஒரு சீவன். வராதேங்கோ மாமி. வராதேங்கோ. ஓடுங்கோ. அவள் வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் இல்லை. கதவில் இரண்டு கையாலும் அடித்தாள்.

“வாங்கோ வாங்கோ,” என்றது குசினி, அவளுடைய குரலில், அவளுடைய சிரிப்போடு. “படலையிலை நிக்காமல் உள்ளுக்கு வாங்கோ.”

“என்னடி உது, இடிபடுற சத்தம்?”

“ஒண்டுமில்லை மாமி. காத்துக்குக் கதவு அடிக்குது.”

அந்த வரி களத்தில் எங்கேயும் இல்லை. அவள் எழுதியது இல்லை. அது இப்போது தானாகவே கதைக்கப் பழகிவிட்டது.

கதவுப் பலகைகளுக்கு நடுவில் ஒரு கீற்று இடைவெளி இருந்தது. அதில் கண்ணை வைத்தாள். விறாந்தையில் ரோச் வெளிச்சம் ஆடிக்கொண்டு வந்தது. மாமி குடையை மடக்கிச் சுவரில் சாத்தினா. நனைந்த சேலைத் தலைப்பைப் பிழிந்தா. அறைப் பக்கம் திரும்பி, கதவு அதிர்வதைப் பார்த்து, ஒரு அடி வைத்தா. வாங்கோ மாமி, இந்தப் பக்கம், உதையுங்கோ இந்தக் கதவை.

“அம்மா.”

மாமி அப்படியே நின்றா.

“அம்மா, நான்தான். வந்திட்டன்.”

ரோச் கையிலிருந்து விழுந்து உருண்டது. மாமி ஒன்றும் கேட்கவில்லை. எங்கே இருந்தாய், எப்படி வந்தாய், ஒன்றும் இல்லை. குனிந்து செருப்பைக் கழற்றினா. கழற்றிய செருப்பை ஒன்றோடு ஒன்று சேர்த்து, ஒழுங்காக, சுவரோரம் வைத்தா. கோயிலுக்குள் போகிறவா மாதிரி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டா. அவாவின் முகத்தில் இருந்த சந்தோசத்தைக் கிருசாந்தினி அந்தக் கீற்றுக்குள்ளால் முழுதாகப் பார்த்தாள். கலியாண வீட்டில்கூட அந்த முகத்தில் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

“படலையைக் கொழுவேல்லை, அப்பன்,” என்றா மாமி. “ஒருநாளும் கொழுவேல்லை.”

“தெரியும் அம்மா. உள்ளுக்கு வாங்கோ.”

கிருசாந்தினி நகம் பிய்யக் கதவைப் பிறாண்டினாள். மாமி அந்தக் கதவைத் தாண்டி, ஒரு முழத் தூரத்தில், திரும்பிப் பாராமல், இரண்டு கையையும் முன்னே நீட்டியபடி குசினிப் பக்கம் போனா.

பிறகு மழை மட்டும்.

கட்டிலில் கிடந்த லப்டொப் பக்கத்தைப் புதுப்பித்தது. குசினி: ஒளிந்திருப்பவர் 2.

கதவொன்று சாத்துகிற சத்தம் கேட்டது. கனமான பழைய பலகைக் கதவு, கீல் தேய்ந்து, நிலையில் போய் மெத்தென்று பொருந்துகிற சத்தம்.

அவள் கீற்றில் மறுபடி கண்ணை வைத்தாள். தரையில் உருண்டு கிடந்த ரோச்சின் வெளிச்சம் நேரே குசினி வாசலில் விழுந்தது. சேலை அங்கே இல்லை. நீலப் பூச்சுப் பூசிய கதவு நின்றது, முழுதாகச் சாத்தியபடி. அதன் கீழால் கடல் தண்ணீர் விறாந்தைக்கு வடிந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்து, மாமியின் குரல், சந்தோசமாக, யாரையோ கூப்பிட்டது.

“பிள்ளை, நீயும் உள்ளுக்கு வா.”